பசை பிதுங்கினால் உடனே துடைக்காதீர்கள்

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மொட்டைமாடியில் உள்ள பர்சாத்தி அறையில் ஓய்வு நேரத்தில் தச்சு வேலை பழகுகிறேன். ப்ளைவுட்டைச் சுவரில் ஒட்டவும் தேக்குச் சட்டங்களை இணைக்கவும், கன் எனும் துப்பாக்கி வடிவக் கருவியில் மாட்டி அழுத்தும் பாலியூரித்தேன் பசை வாங்கினேன். பிடிப்பு அபாரம். ஆனால் வேலை முடிவதற்குள் கை, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், கதவுப்பிடி, போன் எல்லாம் பசையாகிவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் பரவுகிறது. அசிட்டோன் போட்டால் மரத்தில் திட்டு விழுகிறது. சுத்தமாக வேலை செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் துடைக்கும் துணியில் அதைத் தேடாதீர்கள். பசை எவ்வளவு வெளியே வருகிறது, எப்போது வருகிறது என்பதைப் பிடியில் வைத்துக்கொண்டால் துடைக்கவேண்டியதே பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

முதலில் அளவு. பெரும்பாலோர் நாசிலை, அதாவது பசை வெளியே வரும் கூம்பு மூக்கை, அடிப்பக்கமாக வெட்டிவிடுகிறார்கள். பசை விரல் தடிமனுக்குக் கொட்டும். 5 மில்லிமீட்டர் வாய் போதும். அந்தத் தடிமனில் 300 மில்லி கார்ட்ரிட்ஜ் (பசை அடைத்த குழல்) ஒன்று ஏறக்குறைய 15 மீட்டர் நீளத்துக்கு வரும். வாயை 10 மில்லிமீட்டராக்கினால் பசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு போகும். 15 மீட்டர் 4 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். 5 மில்லிமீட்டர் கோட்டின் மேல் பலகையை வைத்து, இடைவெளி 1 மில்லிமீட்டர் ஆகும்வரை அழுத்தினால் அது சுமார் 20 மில்லிமீட்டர் அகலத்துக்குப் படரும், அதாவது பக்கத்துக்குப் பத்து. அதனால் ப்ளைவுட்டின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள். விளிம்பை ஒட்டிப் போட்டால்தான் நன்றாகப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். விளிம்பில் போட்டது அத்தனையும் வெளியேதான் வரும்.

அடுத்தது கன். ட்ரிகரை விட்ட பிறகும் நாசிலிலிருந்து பசை ஒழுகிக்கொண்டே இருக்கிறதா? உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். கோடு முடிய இரண்டு அங்குலம் இருக்கும்போதே, கன்னின் பின்னால் இருக்கும் சின்னத் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கித் தண்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். மிச்சக் கோட்டை உள்ளே இருக்கும் அழுத்தமே போட்டு முடித்துவிடும். நாசிலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஒரு பழைய தயிர் டப்பா போதும். கன்னைத் தரையில் படுக்க வைப்பவர்களைத் திருத்த முடியாது.

டெல்லியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜனவரிக் குளிரில் பசை கெட்டியாகிறது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறீர்கள். அந்த அழுத்தமெல்லாம் உள்ளே சேர்ந்து, கையை எடுத்த பிறகு சாவகாசமாக வழிகிறது. கார்ட்ரிட்ஜை ஒரு பாலிதீன் பையில் போட்டு, தண்ணீர் புகாமல் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிஷம் நிறுத்தி வையுங்கள். சொன்னபடி கேட்கும். பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஆறவைத்த பாலில் போல மேலே சீக்கிரம் ஆடை கட்டிவிடும். லூ என்ற அனல்காற்று வீசும் மே மாத வறட்சியில் அதே பசை மெதுவாக இறுகும். காய்ந்துவிட்டது என்று நம்பித் தொட்டுவிட்டு, அந்தக் கையோடு கதவுப்பிடியைப் பிடிப்பது இந்த மாதத்தில்தான்.

இனி பிதுங்கிய பசைக்கு வருவோம். பாலியூரித்தேனை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் அது வினைபுரிந்து கரியமில வாயுவை விடும், நுரைத்துப் பொங்கும். கைக்குக் கிடைக்கிறதே என்று சானிடைசரையும் எடுக்காதீர்கள்; அதிலிருக்கும் ஆல்கஹால் பசையோடு சேர்ந்து, அது முழுதாக இறுகுவதையே கெடுத்துவிடும். அசிட்டோன் பச்சைப் பசையைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் கரைந்த பசை மரத்தின் துவாரங்களுக்குள் இறங்கிவிடும். பாலிஷ் அடித்தபிறகு தெரிகிற உங்கள் திட்டு அதுதான்.

ஆகவே விட்டுவிடுங்கள். பசை ரப்பர் பதத்துக்கு வரட்டும். நகத்தால் அமுக்கினால் அமுங்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அப்போது கூரான உளியை மரத்தோடு படுக்க வைத்துத் தள்ளினால் நாடா மாதிரி சுருண்டு மொத்தமாக வந்துவிடும். பச்சையாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டிய இடமென்றால், பழைய ஏடிஎம் கார்டால் உலர வழித்தெடுத்துக் காகிதத்தில் தடவிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் மூட்டென்றால் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள். டேப்பைப் பசை ஆடை கட்டும் முன்பே உரிக்க வேண்டும். இறுகவிட்டால் விளிம்பு பிய்ந்து வரும்.

இதைச் சொல்லும்போது ஒரு சந்தேகம்: வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற தேக்குச் சட்டத்துக்குப் பாலியூரித்தேன் எதற்கு? மழை படாத இடத்துக்கு வெள்ளை ஃபெவிகால் தாராளம், கையில் பட்டாலும் தண்ணீரில் போகும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டுவதற்கு முன் இணைப்பு முகத்தை அசிட்டோனால் துடைத்துக் காயவிடுங்கள். அசிட்டோனுக்கு உருப்படியான வேலை அது. வாடகை வீட்டுச் சுவரில் ப்ளைவுட்டை ஒட்டுவது பற்றியும் யோசியுங்கள். கழற்றும் நாளில் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். நானாக இருந்தால் நாலு திருகோடு முடித்துக்கொள்வேன்.

கைக்கு வருகிறேன். நைட்ரைல் கையுறையை இரண்டு அடுக்காக மாட்டிக்கொள்ளுங்கள். மேல் அடுக்கு பிசுபிசுத்ததும் உரித்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். கன் பிடிக்கும் கை பசைக் கை, மற்றது சுத்தக் கை. போன் அடித்தால் எடுப்பது இரண்டாவதுதான். துணியை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி வையுங்கள், ஒரு துண்டு ஒரு துடைப்போடு சரி. பெரிய துணி ஒன்றை வைத்துக்கொண்டு அதன் சுத்தமான மூலையைத் தேடுகிறவர் கதவுப்பிடிக்கும் பசையைக் கொண்டுபோவார்.

தோலில் பட்டுவிட்டால், இறுகும் முன் சமையலறைக் கடுகெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றித் தேய்த்து, துணியில் வழித்து, பிறகு சோப்பு போடுங்கள். மரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் பசையும் நிற்காது, பாலிஷும் நிற்காது. தோலில் இறுகிவிட்டதை எந்தத் திரவமும் கரைக்காது. சுரண்டிப் புண்ணாக்காதீர்கள், சில நாளில் தோலோடு தானாக உரிந்துவிடும். அசிட்டோனால் கை கழுவும் பழக்கத்தை விடுங்கள். தோலை வறளச் செய்யும், நைட்ரைல் கையுறையையும் சில நிமிஷங்களில் ஊடுருவிவிடும், போன் உறையின் பிளாஸ்டிக்கையும் தின்னும். குளிருக்குக் கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேலை செய்பவரென்றால் அசிட்டோன் டப்பாவை அந்த அறையில் திறக்கவே திறக்காதீர்கள். அதன் ஆவி நொடியில் பற்றிக்கொள்ளும். துடைத்த துணிகளையும் வெளியே மாடியில் விரித்துக் காயவிட்டே குப்பையில் போடுங்கள்.

கிளாம்பின் தாடைகளில் பார்சல் ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றிவிட்டால் இறுகிய பசை தட்டினாலே உதிரும். மேஜைமேல் செய்தித்தாள் வேண்டாம், பசையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிதீன் விரியுங்கள், இந்தப் பசை அதில் பிடிக்காது.

மிச்சக் கார்ட்ரிட்ஜை மூடும்போது நாசில் நுனியில் ஓர் அங்குலப் பசையை வெளியே தள்ளி அப்படியே விடுங்கள். அது இறுகித் தக்கை ஆகிவிடும். அடுத்த முறை இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுதாக வரும். தக்கைக்குப் பின்னால் கட்டி தட்டியிருந்தால் நாசிலை மட்டும் மாற்றிப் பாருங்கள். கார்ட்ரிட்ஜின் கழுத்திலும் இறுகியிருந்தால் மல்லுக்கட்டாதீர்கள், அடிப்பக்கம் பிதுங்கிக் கன்னோடு சேர்த்துப் பாழாகும். கோடையில் மிச்சக் கார்ட்ரிட்ஜை பர்சாத்தியில் வைக்காமல் கீழே வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.