பயம் போன பிறகா பேருந்தில் ஏறுவது?

கேள்வி: கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறேன், வயது 34. சென்ற ஆண்டு நெரிசலான பேருந்தில் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும் என்று தோன்றியது. ஈசிஜி, எக்கோ பார்த்த மருத்துவர், இதயத்தில் குறையில்லை என்றார். அன்று முதல் பேருந்தில் ஏறுவதில்லை. கணவர்தான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். இப்போது பதவி உயர்வு வந்திருக்கிறது. ஏற்றால் மாவட்டத் தலைநகருக்குத் தினமும் தனியாகப் போய்வர வேண்டும். தன்னம்பிக்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, இப்போதைக்கு வேண்டாமென எழுதிக் கொடுத்துவிடலாமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. தன்னம்பிக்கை முதலில், பயணம் பிறகு என்று நீங்கள் வைத்திருக்கும் வரிசைதான் சிக்கல்.

உங்களுக்கு வந்தது, மருத்துவர்கள் பேனிக் அட்டாக் என்று சொல்லும் பீதித் தாக்குதலாக இருக்கக்கூடும். ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடல் அட்ரினலினைச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே தணிந்துவிடும். ஆனால் உச்சத்தில் இருக்கும்போதே பதறி இறங்கிவிட்டால், தானாகத் தணிந்ததை மனம் 'இறங்கியதால் பிழைத்தோம்' என்று கணக்கெழுதிக்கொள்கிறது. உங்கள் கணவரின் உதவி அன்பால் வந்தது என்றாலும், உங்களால் தனியாக முடியாது என்பதைத்தான் அதுவும் நாள்தோறும் உறுதிசெய்கிறது.

பாம்பென்றால் நடுங்குவோரை வைத்து உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1970களில் செய்த ஆய்வுகளில், பிறர் பாம்பைக் கையாள்வதை வெறுமனே பார்த்தவர்களைவிட, படிப்படியாகத் தாமே தொட்டுப் பழகியவர்களுக்கே தம்மால் முடியும் என்ற எண்ணம் வலுவாக வந்தது. கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு முறை சொல்லும்படி அறிவுரை கூறுவோர் இதைக் கவனிப்பதில்லை.

ஆகவே, கூட்டமில்லாத பிற்பகலில் ஒரே ஒரு நிறுத்தம் வரை செல்லுங்கள். கணவர் பக்கத்தில் அமராமல், இறங்குமிடத்தில் காத்திருக்கட்டும். படபடப்பு வந்தால் அதை விரட்டப் போராடாமல், மூச்சை மெதுவாக வெளிவிட்டபடி, தணியும்வரை இருக்கையிலேயே இருங்கள். வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்தால் தலைசுற்றலும் விரல் மரத்தலும்தான் மிஞ்சும். நிறுத்தம் வந்தும் தணியவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே பயணம் சலித்துப்போகும்வரை திரும்பத் திரும்பச் செய்து, பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். காலை நேர நெரிசல் கடைசியில் வரட்டும். பயமே இல்லாமல் போய்வருவதை இலக்காக வைக்காதீர்கள். பயத்தோடு போய்ச் சேர்ந்தாலே அன்றைய வேலை முடிந்தது.

தைராய்டு மிகைச் சுரப்பும் இரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். காபியையும் குறைத்துப் பாருங்கள். தனியாகத் தொடங்க முடியவில்லையென்றால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்துக் கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது எளிதில் விடாது.

மேலதிகாரியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பதவி உயர்வை ஏற்பதாகத் தெரிவித்து, பணியில் சேரச் சில வாரங்கள் அவகாசம் கேளுங்கள். முதல் பயணத்தை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள்.