வேலாண்டுக்கு மாற யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் உபுண்டு 22.04 பயன்படுத்துகிறேன். புதிய பதிப்புக்குப் போனால் எக்ஸ்11 இருக்காது, வேலாண்ட் மட்டும்தான் என்கிறார்கள். எனக்குத் தினமும் மீட்டிங்கில் திரையைப் பகிர வேண்டியிருக்கிறது. வேலாண்டில் ஒருமுறை முயன்றபோது மற்றவர்களுக்கு வெறும் கறுப்புத் திரைதான் தெரிந்ததாம். ஒரு வீடியோவில் இதற்கென்று ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் பணம் கொடுத்தால் ரிமோட்டில் வந்து சரிசெய்து தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். எக்ஸ்11, வேலாண்ட் இரண்டும் செயலிகளின் விண்டோக்களைத் திரையில் காட்டும் ஏற்பாடுகள்; முன்னது பழையது, பின்னது புதியது. வேலாண்ட் என்பது தனியாக வாங்கி நிறுவ வேண்டிய பொருள் இல்லை, உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிறது. லாகின் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்குங்கள். பாஸ்வேர்டு அடிப்பதற்கு முன்னால் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய பல்சக்கரம் தெரியும். அதை அழுத்தினால் வெறும் 'உபுண்டு' என்று ஒரு வரியும், வேலாண்ட் அல்லது எக்ஸார்க் (எக்ஸ்11தான்) என்ற பெயர் ஒட்டிய இன்னொரு வரியும் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பிடிக்கவில்லையா, லாக் அவுட் செய்து மற்றதில் வாருங்கள். கோப்புகள் எதுவும் தொலையாது. எதில் இருக்கிறோம் என்று தெரியவேண்டுமானால் செட்டிங்ஸில் அபவுட் பகுதியில் 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியைப் பாருங்கள்.

இனி அந்தக் கறுப்புத் திரை. எக்ஸ் 1984இல் எம்ஐடியில் பிறந்தது. எக்ஸ்11 என்ற பதிப்பு 1987இல் வந்தது. அதில் எந்த ஒரு புரோகிராமும் மற்றவற்றின் விண்டோக்களைக் கேட்காமலே பார்க்கலாம், நீங்கள் தட்டும் எழுத்துகளைக்கூடப் படிக்கலாம். வேலாண்ட் அந்தக் கதவை மூடிவிட்டது. திரையைப் பகிர வேண்டும் என்றால் மீட்டிங் செயலி சிஸ்டத்திடம் அனுமதி கேட்க வேண்டும். 'எந்த விண்டோவைக் காட்டலாம்?' என்று சிஸ்டம் உங்களிடம் கேட்கும். அப்படிக் கேட்கத் தெரியாத செயலிக்குக் கிடைப்பது கறுப்பு மட்டும்தான். அதே மீட்டிங்கை ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ திறந்து பாருங்கள். பிரவுசர் ஒருமுறை கேட்கும், சிஸ்டம் இன்னொரு முறை கேட்கும், சில சமயம் அதையே திரும்பவும் கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால் படம் போய்ச் சேரும். எக்ஸுக்காக எழுதிய பழைய செயலிகள் பெரும்பாலும், அவற்றை வேலாண்டுக்குள் ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடிவிடும், அதற்காகக் கவலை வேண்டாம்.

ரிமோட்டில் வருகிறேன் என்பவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இப்படி வருபவர்கள் பலர் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான்: 'வேலாண்டை அணைத்துவிடுங்கள், அப்போதுதான் நான் உள்ளே வர முடியும்.' அவர்கள் கையில் இருக்கும் ரிமோட் கருவி எக்ஸை நம்பி எழுதப்பட்டது, அவ்வளவுதான். அணைத்ததும் பிரச்சினை மறைந்த மாதிரி தெரியும், அதற்குத்தான் பணம். நீங்களே பல்சக்கரத்தில் செய்யக்கூடிய வேலை அது. உங்கள் அட்மின் பாஸ்வேர்டும் அந்நியர் கைக்குப் போயிருக்கும். வீடியோ ஸ்கிரிப்டுகளும் பெரும்பாலும் இதே ரகம். லாகின் திரையை நடத்தும் ஜிடிஎம்மின் அமைப்புக் கோப்பில் வேலாண்டை முடக்கும் ஒரு வரியைச் சேர்க்கும். எங்கிருந்தோ ஒரு வெளி பிபிஏவையும், அதாவது உபுண்டுவுக்கு வெளியே யாரோ நடத்தும் மென்பொருள் களஞ்சியத்தையும், சேர்த்துவிட்டுப் போகும். அந்த பிபிஏதான் ஆறு மாதம் கழித்து, பதிப்பு உயர்த்தும்போது, காலை வாரும். என்விடியா தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக் கையால் நிறுவச் சொன்னாலும் கேட்காதீர்கள். சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் அடுத்து அப்டேட் ஆகும்போது லாகின் திரையே வராமல் உட்கார்ந்திருக்க நேரலாம். உபுண்டுவின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாக மட்டும் நிறுவுங்கள். ஏற்கெனவே ஏதாவது ஸ்கிரிப்ட் ஓட்டிவிட்டீர்கள், பல்சக்கரத்தில் வேலாண்டைக் காணோம் என்றால், ஜிடிஎம் கோப்பில் அந்த வரி ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் உண்மையாகவே யோசிக்க வேண்டியது என்விடியா கார்டு. 'அடிஷனல் டிரைவர்ஸ்' பட்டியலைத் திறந்து, உங்கள் கார்டுக்குக் கிடைக்கும் டிரைவர்களில் மிகப் பெரிய எண் எது என்று பாருங்கள். கார்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். 700 வரிசை என்ற ஒரே பெயரில் பழைய சிப்பும் வந்தது, புதிய சிப்பும் வந்தது. பெரிய எண் 470 அல்லது 390 என்றால் எக்ஸிலேயே இருங்கள், யார் சொன்னாலும் மாறாதீர்கள். வேலாண்டில் படம் காட்ட மற்ற கார்டுகளின் டிரைவர்கள் எல்லாம் பயன்படுத்தும் ஜிபிஎம் என்ற வழிக்கு என்விடியா வந்ததே 2021இல், 495 டிரைவரில்தான். 2024இல் வந்த 555க்குக் கீழே இருந்தால் எக்ஸ்வேலாண்டில் ஓடும் செயலிகள் சிமிட்டலாம். அதற்கு மேல் என்றால் நிம்மதியாக முயலலாம். இதிலும் ஒரு விலக்கு உண்டு. இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்த லேப்டாப் என்றால், திரையை ஓட்டுவது பெரும்பாலும் இன்டெல்தான். அப்போது பழைய என்விடியா கார்டு இருந்தாலும் வேலாண்ட் நன்றாகவே ஓடக்கூடும். ஆனால் சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேராக என்விடியாவோடு இணைந்திருக்கும். உள்திரையில் எல்லாம் சரியாக இருந்து, வெளி மானிட்டரைச் செருகியதும் தடுமாறும். ஆகவே மானிட்டரைச் செருகிய நிலையிலும் சோதித்துப் பாருங்கள்.

வேலாண்ட் வேலை 2008இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு பயனர் டிரைவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. உபுண்டு 17.10இல் வேலாண்டை இயல்பாக வைத்தார்கள், 18.04இல் பின்வாங்கினார்கள், 21.04இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். என்விடியா பல ஆண்டுகள் தன் வழியே தனி வழி என்று நின்றது. டெஸ்க்டாப்காரர்களோ திரைப் பகிர்வு என்ற அன்றாடத் தேவையைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த இடைவெளியில்தான் ஸ்கிரிப்ட்காரர்களும் ரிமோட்காரர்களும் பிழைப்பு நடத்துகிறார்கள்.

உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. 22.04க்கு 2027 வரை வழக்கமான ஆதரவு உண்டு. அடுத்து 24.04க்குப் போங்கள், அதில் இரண்டு செஷனும் இருக்கின்றன, ஆதரவு 2029 வரை. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான கினோமின் எக்ஸ் செஷனை எடுத்துவிட்டது 2025 அக்டோபரில் வந்த 25.10தான், அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம். 24.04இல் ஒரு வாரம் வேலாண்டில் மட்டும் வேலை செய்துபாருங்கள்: பிரவுசரில் மீட்டிங், வெளி மானிட்டர், தமிழ்த் தட்டச்சு, லேப்டாப்பை மூடித் திறப்பது, நான்கும். ஏதாவது உதைத்தால் லாக் அவுட், பல்சக்கரம், எக்ஸார்க்.