பூனையின் வாயில் கட்டி: பீடிப்புகைக்கும் உண்ணி மருந்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் நாலு கறவை மாடும் வைத்திருக்கிறோம். தீவன ரூமில் எலிக்காக வளர்க்கும் பெண் பூனைக்கு 11 வயது. ஒரு மாதமாக ரத்தம் கலந்த எச்சில் ஒழுகுகிறது. மத்தி மீனைக்கூட ஒரு கடி கடித்துவிட்டுப் போட்டுவிடுகிறது. இடது தாடை வீங்கியிருக்கிறது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை இதற்கும் தடவியிருக்கிறோம். அப்பா வீட்டுக்குள்ளேயே பீடி குடிப்பார். இது புற்றுநோயா? மற்ற இரண்டு பூனைகளுக்கும் வருமா?

பதில்: புற்றாக இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. இந்த வாரமே காட்டிவிடுங்கள். பூனை வாயில் வரும் புற்றுகளில் மிகப் பெரும்பங்கு, வாயின் உள்தோலில் தொடங்கும் செதிள் செல் புற்றுதான். பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்குத்தான் அதிகம் வரும். நாக்கின் அடியிலோ ஈறிலோ தொடங்கித் தாடை எலும்பை அரிக்கும். எச்சில் ஒழுகினால் வெறிநோய் என்ற பயமும் வரும். வெறிநோய் கண்ட பூனை பத்து நாளுக்கு மேல் தாங்குவது அரிது. உங்களுடையது ஒரு மாதமாக இருப்பதால் அது அநேகமாக இல்லை. ஆனாலும் கையுறை இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். கடிபட்டாலோ கீறுபட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, ஆடுகிற பல்லைப் பார்த்துப் பல் கோளாறு என்று பிடுங்கிவிட்டு ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்புவது. அடியில் எலும்பு கரைந்திருப்பதால்தான் பல் ஆடுகிறது. பிடுங்கிய குழி இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால் புற்றைச் சந்தேகிக்க வேண்டும். மயக்கம் கொடுத்து, தாடையை எக்ஸ்ரே எடுத்து, கட்டியின் ஆழத்திலிருந்து சதை வெட்டிப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேலாகச் சுரண்டினால் சீழும் அழற்சியும் மட்டுமே தெரியும். உள்ளூர் மிருகாஸ்பத்திரியில் வசதி இல்லையென்றால் திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

காரணத்துக்கு வருவோம். பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. மயிரில் எது படிந்தாலும் அது வாய்க்குள் போய்விடும். பீடிப்புகை மூச்சில் போவதோடு நிற்பதில்லை. அதன் நுண்துகள் பாயிலும் தரையிலும் மயிரிலும் படிந்து நாக்கு வழியாகவும் ஏறுகிறது. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கழுத்தில் தெள்ளுப்பூச்சியைக் கொல்லும் மருந்துப் பட்டை கட்டிய பூனைகளுக்கு இந்த நோய் ஏறத்தாழ 5 மடங்கு கூடுதலாகவும், டப்பா உணவை நிறையத் தின்றவற்றுக்கு 3 மடங்குக்கு மேலும் இருந்தது. நோயுற்ற 36 பூனைகளை மட்டுமே வைத்துச் செய்தது என்பதால் அந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். 2022-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று நாட்டுப்புற வாழ்க்கை, வெளியே திரிவது, வீட்டில் சிகரெட் புகை, ரசாயனம் சேர்த்த பூனைத் தீவனம் நான்கையும் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் முதல் மூன்றும் உங்கள் வீட்டில் இருக்கின்றன. எது உங்கள் பூனைக்கு வினையானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்பாவைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். இனிமேல் பீடியைத் திண்ணைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அதுவே நல்லது.

உண்ணி மருந்து விஷயத்தில் புற்றைவிட அவசர ஆபத்து வேறு. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகளைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. உடம்பு நடுங்கி வலிப்பு வந்து செத்துப்போகலாம். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தும் கூடாது. கட்டுத்தறியில் 1.25 சதவீத டெல்டாமெத்ரினை லிட்டருக்கு 2 மில்லி கலந்து அடிக்கிற அன்று பூனைகளை வேறு அறையில் பூட்டி, மாடும் தரையும் நன்றாகக் காய்ந்த பிறகே திறந்துவிடுங்கள். பூனையின் தெள்ளுப்பூச்சிக்கு நெருக்குப் பல் சீப்பால் வாரி, சீப்பில் சிக்கிய பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல்லலாம். படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பூனைக்கென்றே வரும் பிப்ரோனில் சொட்டு மருந்தை, நாக்கு எட்டாத பிடரியில் விடவேண்டும். தரைக்குக் கருப்புப் பினாயிலும் வேண்டாம்.

இந்தப் புற்று தொற்றாது. மற்ற இரண்டுக்கும் பரவாது, மாட்டுப் பாலுக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே புகையிலும் ஒரே மருந்திலும் இருந்தவை என்பதால் அவற்றுக்கு மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். தாடைக்கு அடியிலிருந்து கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் நாக்கு மேலெழும், அடிப்பகுதியும் தெரியும்.

வலிக்கு நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மாட்டுக்கு வாங்கி வைத்த மெலாக்சிகாமும் கூடாது. மத்தியை முள் எடுத்து வேகவைத்து, வெந்த நீரோடு மிக்சியில் கூழாக்கி, வெதுவெதுப்பாக நாலைந்து வேளை வையுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை வாங்கும். கீழ்த்தாடையின் முன்பக்கம் சிறியதாக இருந்தால் அறுவை பயன்படும். நாக்கடிக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் சில மாதங்கள்தான். கூழும் இறங்காத கட்டத்தில் ஊசி போட்டு வலியில்லாமல் விடைகொடுக்கும்படி டாக்டரைக் கேளுங்கள். அந்த முடிவைத் தள்ளிப்போட வேண்டாம்.