டிரமடாலை நிறுத்திய பிறகு வரும் தவிப்பை எப்படித் தாங்குவது?

கேள்வி: முதுகுவலிக்காக ஒன்றரை வருடம் டிரமடால் போட்டுவந்தேன். போன வாரம் அடியோடு நிறுத்திவிட்டேன். தூக்கமே இல்லை, கால் குடைகிறது, ஒரே ஒரு மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு அலைகிறது. எப்படிச் சமாளிப்பது?

யாரிடமும் சொல்லாமல் நீங்களாகவே நிறுத்தியிருந்தால், நாளைக் காலை ஓ.பி.க்குப் போய்விடுங்கள். பக்கத்திலிருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். இதைத் தனியாகத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. நான் இந்தப் பதிலை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து எனக்குத் தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்து, வலிக்கு டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மாத்திரை மட்டும் தொடர்ந்தது. அதைப் போட்டால் வலி போவதோடு ஒரு தெம்பும் வரும். காலையில் சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பி, பஸ் பிடித்து வேலைக்குப் போக அந்தத் தெம்பு கைகொடுத்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. டிரமடால் மற்ற ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்து) மாத்திரைகளைப் போல வலியை அடக்குவதோடு நிற்காது. மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களின் அளவையும் ஏற்றும். அதனால் நிறுத்தும்போது உடம்பு படுகிற பாடு ஒரு பக்கம், காரணமில்லாத பயமும் படபடப்பும் இன்னொரு பக்கம். சிலருக்குக் கை கால் மரத்துப்போகும், உடம்பில் மின்சாரம் அடித்தது போலிருக்கும். இதையெல்லாம் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயப்படாதீர்கள். அந்த மருந்துக்கே உரிய விளைவு அது, மருத்துவர்களுக்குத் தெரியும்.

உடம்பில் நடப்பது இதுதான். மாத்திரையின் ஓபியாய்டு குணம் நாள்தோறும் நரம்புகளை அடக்கி வைத்திருந்தது. அதை ஈடுகட்ட மூளை நார்அட்ரினலினைக் கூடுதலாகச் சுரக்கப் பழகிவிட்டது. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த காலிக் குடம் கையை எடுத்ததும் துள்ளிக்கொண்டு மேலே வருமே, மாத்திரை நின்றதும் அதுபோல எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புகிறது. வியர்வை, கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்சு, தூக்கமின்மை எல்லாம் அதன் வேலை. குறைந்த நேரம் வேலை செய்யும் மாத்திரைகளுக்கு, கடைசியாகப் போட்டதிலிருந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 10 நாளில் உடம்பளவில் அடங்கும். நீங்கள் ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால், பெரும்பாலும் மிக மோசமான நாட்கள் கழிந்துவிட்டன. இந்த நேரத்தில் மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தால் அந்தத் தவிப்பைத் திரும்பவும் அனுபவிக்க நேரலாம்.

என்னை மருத்துவர் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எழுதி, படிப்படியாகக் குறைத்தார். அட்டை என் கையில் இருக்கக்கூடாது, அக்காதான் வைத்திருக்க வேண்டும் என்றார். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதுதான் தாங்கும் என்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் திடீரென்று நிறுத்தவே கூடாது, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. நீங்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டதால், இந்த நிலையில் என்ன செய்வது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவர்களிடம் மருந்து இருக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்புக்குக் க்ளோனிடின் கொடுப்பார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதனால் பி.பி. பார்த்துத்தான் கொடுப்பார்கள். பழக்கம் முற்றியவர்களுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரை உண்டு. அதைத் தொடங்க நேரம் பார்க்க வேண்டும். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே வைத்துவிட்டால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு, தவிப்பை இன்னும் கொடூரமாக்கிவிடும். யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கி வைக்காதீர்கள். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கிடைக்கும் லோபிரமைடையும் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள், இதயத் துடிப்பைக் குழப்பும். தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் வாங்கிப் போடுவதும் மதுவும் வேண்டவே வேண்டாம். டிரமடால் வலிப்பு வரவழைக்கக்கூடிய மருந்து. வலிப்பு வந்தாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி அந்த ராத்திரிகள். எனக்குப் பகல்கூட ஓடிவிடும். விளக்கை அணைத்துப் படுத்த அடுத்த நிமிடம் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஏதோ ஊர்வது போலக் குடைச்சல் தொடங்கும். காலை நீட்டினாலும் மடக்கினாலும் நிற்காது. சித்திரை வெயிலில் கையில் மயிர் சிலிர்த்து நிற்கும். போர்வையை இழுத்துப் போர்த்துவேன், அடுத்த நிமிடம் வியர்த்து உதறுவேன். கொட்டாவி விட்டு விட்டுத் தாடையே வலிக்கும். அக்கா ஒரு வாளியில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, கால்களை அதில் வைக்கச் சொல்வாள். பிறகு கெண்டைக்காலில் நல்லெண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவாள். அந்த அழுத்தம் இருக்கும்வரை குடைச்சல் அடங்கியிருக்கும். அவள் அசந்த பிறகு முற்றத்தில் நடப்பேன். தூங்கியே ஆகவேண்டும் என்று பாயில் புரண்டதைவிட நடந்தது எவ்வளவோ மேலாக இருந்தது.

சாப்பாட்டில் தாளிக்கும் வாசம்கூடக் குமட்டியது. உப்புப் போட்ட நொய்க்கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று மடக்கு மடக்காகக் குடித்தேன். வயிற்றாலே போகும்போது உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் பெரிய ஆபத்து. மதியத்துக்குப் பிறகு காபி, டீ நிறுத்துங்கள்.

முதுகுவலி முன்னைவிட அதிகமாகத் தெரிகிறதா? இது பலரையும் மறுபடி மாத்திரையிடம் கொண்டுபோய் விடுகிறது. நீண்ட நாள் ஓபியாய்டு போட்டால் நரம்புகள் வலியைக் கூட்டிக் காட்டும். நிறுத்திய சில வாரங்களில் அந்தக் கூடுதல் வலி மெல்லத் தணியும். முதுகு கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டாமல், இந்த விவரத்தைச் சொல்லி எலும்பு மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள். எனக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான் கடைசியில் வலியைக் குறைத்தது.

அடுத்தது, மறுபடி போடத் தோன்றும் அந்த ஆசை. உடம்பு தேறிய பிறகும் இது விடாது. இரண்டாவது மூன்றாவது மாதத்தில், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது வரும். எனக்கு அது சாயங்காலத்தில் வந்தது. பஸ் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் மெடிக்கல் ஷாப், பச்சை விளக்கில் கூட்டல் குறி. அதைப் பார்த்தாலே வாய் ஊறும். மாமியார் தன் சர்க்கரை மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடுத்த தெரு வழியாக வர ஆரம்பித்தேன். வீட்டில் ஒரு அட்டைகூட இல்லாதபடி அக்கா கைப்பை, பீரோ, அரிசி டப்பா வரை தேடி எடுத்துப் போனாள். ஆசை வந்தால் அவளுக்குப் போன் செய்து "அக்கா, வருது" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஏன் எதற்கு என்று அவள் கேட்கமாட்டாள். வேறு ஏதாவது பேசுவாள், நான் தேங்காய் துருவிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்பேன். அந்த வேகம் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். பசி, தூக்கமின்மை, வீட்டுச் சண்டை இந்த மூன்றும் சேர்ந்த நாளில் மட்டும் அதிக நேரம் பிடித்தது. உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். திட்டாத, அறிவுரை சொல்லாத ஆளாக இருக்க வேண்டும். ஆசை அடங்கவே இல்லையென்றால் நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஓபியாய்டு வேலை செய்யாமல் அது தடுக்கும். ஆனால் 7 முதல் 10 நாளாவது உடம்பில் ஓபியாய்டு இல்லாமல் இருந்த பிறகே தொடங்க வேண்டும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். சில வாரங்கள் விட்டபின் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடும். முன்பு சாதாரணமாகப் போட்ட அதே அளவு இப்போது மூச்சையே நிறுத்திவிடலாம். தவறிப் போட்டுவிட்டால் மறைக்காதீர்கள். எழுப்பினால் எழாமல், உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, குறட்டை போல மூச்சு இழுத்தால் 108-ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மருத்துவமனையில் நாலோக்சோன் ஊசி போட்டு மீட்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

போலீஸ், கேஸ் என்று பயந்து ஆஸ்பத்திரி பக்கம் போகாதவர்கள் உண்டு. டிரமடால் 2018 ஏப்ரலிலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது உண்மைதான். ஆனால் அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், சிறிய அளவு வைத்திருந்தது, பயன்படுத்தியது போன்றவற்றுக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. தனியார் மறுவாழ்வு மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கட்டி வைப்பது, அடிப்பது, வீட்டாரைப் பார்க்கவிடாமல் பூட்டி வைப்பது எல்லாம் சிகிச்சையே கிடையாது.

"மாத்திரைதானே, மன உறுதி இருந்தா விட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள், அது ரொம்ப வலித்தது. மருத்துவர் எழுதிய மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் யார் உடம்பும் அதற்குப் பழகும். முதல் சில மாதம் எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை சிரித்தால்கூட உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அது மெதுவாகத்தான் திரும்பும். தூக்கம் அதற்கு முன்பே வரும். செத்துவிடலாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே தேசிய இலவச எண் 14446.

நீங்கள் எந்த மாவட்டம் என்று கீழே எழுதுங்கள். அங்கே எந்த அரசு மருத்துவமனையில் இந்தப் பிரிவு இருக்கிறது, எந்தக் கிழமை ஓ.பி. என்று விசாரித்துச் சொல்கிறேன்.