பழைய டிம்மர்ஸ்டாட் வாங்கினால் எப்படி இணைப்பது?

கேள்வி: வணக்கம் ஐயா. பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. கல்லூரி ஆய்வகம் ஒன்றில் கழித்துவிட்ட டிம்மர்ஸ்டாட்டை பழைய சாமான் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். தகட்டில் உள்ளே 240 வோல்ட், வெளியே 0–270 வோல்ட், 8 ஆம்பியர் என்று இருக்கிறது. மேலே நான்கு திருகு முனைகள். ஒயரும் பிளக்கும் இல்லை, முனைகளின் எழுத்துகளும் அழிந்துவிட்டன. வாங்கலாமா? எப்படி இணைப்பது?
– திருச்சி வாசகர்

பதில்: வாங்கலாம். டிம்மர்ஸ்டாட் என்பது குமிழைத் திருகி வெளியே வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சாதனம். இரும்பு வளையத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அதன் மேல் ஒரு கார்பன் பிரஷ் ஓடும், அவ்வளவுதான் உள்ளே. நன்றாக வைத்திருந்தால் பல்லாண்டு உழைக்கும். ஆனால் பணம் கொடுக்கும் முன் மேல் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிரஷ் ஓடும் செம்புப் பாதை பளபளப்பாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கறுத்து, கம்பி உருகி ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்ய முழுச் சுருளையும் மறுபடி சுற்ற வேண்டியிருக்கும். பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது மிக்ஸி மோட்டார் பிரஷ்ஷைத் தேய்த்துப் பொருத்தாதீர்கள். பிரஷ் எப்போதும் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளைச் சேர்த்தே தொடும். கார்பனின் தடை சரியான அளவில் இருப்பதால்தான் அந்தச் சுற்றுகள் ஷார்ட் ஆகிக் கருகாமல் இருக்கின்றன. அதே மாடலுக்கான பிரஷ்தான் வேண்டும்.

பில்லும் கேட்டு வாங்குங்கள். பில் தராமல் விற்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. பில்லில் வோல்ட், ஆம்பியர் அளவோடு ‘ஓடும் நிலையில்’ என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இனி முனைகள். எதையும் கரண்டில் சேர்க்காமல் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தடை மிகச் சிறிதாக இருக்கும், அதனால் மீட்டரின் இரண்டு லீடையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். குமிழை எப்படித் திருகினாலும் இரண்டு முனைகளுக்கு நடுவே பூஜ்யமே காட்டினால் அவை இரண்டும் பொது முனை, அதாவது உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் பொதுவானது. பொது முனையிலிருந்து பார்க்கும்போது, குமிழ் திரும்பத் திரும்ப எதில் தடை ஏறி இறங்குகிறதோ அது பிரஷ். மாறாமல் நிற்பது மெயின் உள்ளே வரவேண்டிய முனை. ஏறி இறங்கும்போது நடுவில் தாவினால் பிரஷ் சரியாகத் தொடவில்லை என்று பொருள். மூடி திறந்திருக்கும்போதே கண்ணாலும் ஒயரைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் தவறி மெயினை பிரஷ் முனையில் கொடுத்துவிட்டால், குமிழ் கீழே இருக்கும்போது 230 வோல்ட் முழுவதும் சில சுற்றுகளின் மேல் விழும். கிட்டத்தட்ட நேரடி ஷார்ட்தான் அது.

பொது முனை நியூட்ரலுக்குத்தான் போக வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. டிம்மர்ஸ்டாட் என்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே சுருள், நடுவே பிரிவு கிடையாது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது மீட்டர் வெளியே பூஜ்யம்தான் காட்டும். ஆனால் இரண்டு முனைகளிலும் தரைக்கு எதிராக 230 வோல்ட் நிற்கும். நான் முதன்முதலில் வாங்கியதில் கடைக்காரர் இரண்டு பின் பிளக் மாட்டிக் கொடுத்திருந்தார், அதை எப்படித் திருப்பியும் சொருகலாம். பூஜ்யத்தில்தானே இருக்கிறது என்று அதில் மாட்டியிருந்த ஆம்ப்ளிஃபையரின் சேஸிஸை, அதாவது உலோகச் சட்டத்தைத் தொட்டேன். தோள் வலி போக இரண்டு நாளாயிற்று. செருப்புப் போட்டிருந்ததால் அதோடு போயிற்று.

ஆகவே மூன்று பின் பிளக்தான், 16 ஆம்பியர். ஒயர் 1.5 சதுர மி.மீ. மூன்று கோர் காப்பர்: பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ் இருக்க வேண்டும். பல வீடுகளில் இது மாறிக் கிடக்கிறது, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எர்த் ஒயரை இரும்பு உடம்பில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, லக் போட்டு முறுக்குங்கள். சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கரில் (காப்புத் தடையை அளக்கும் கருவி) குறைந்தது 1 மெக் ஓமாவது வர வேண்டும். ரிவைண்டிங் கடையில் சொன்னால் பார்த்துத் தருவார்கள்.

அப்புறம் ஃபியூஸ். பலரும் உள்ளே வரும் பக்கம் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். 40 வோல்ட்டில் வைத்து 20 ஆம்பியர் இழுத்தால் 800 வாட். மெயின் பக்கம் அது சுமார் 3.5 ஆம்பியர்தான். அந்த ஃபியூஸுக்கு எதுவும் தெரியாது, பிரஷ்ஷோ கருகிக்கொண்டிருக்கும். 8 ஆம்பியர் என்பது எந்த வோல்ட்டில் வைத்தாலும் பிரஷ் தாங்கும் அளவு. எனவே பிரஷ்ஷிலிருந்து வெளியே வரும் ஒயரில் 8 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். ரேடியோவுக்கு மட்டும் என்றால் 1 ஆம்பியரே போதும். மெயின் பக்கம் 10 ஆம்பியர் எம்சிபி ‘சி’ வகையில் போடுங்கள். ஆன் செய்யும் நொடியில் இந்த வளையங்கள் பெரிய மின்னோட்டத்தை இழுப்பதால் ‘பி’ வகை சும்மா சும்மா விழும். வீட்டில் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் மிக நல்லது.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது, வெளியே எதையும் மாட்டாமல், ஃபேஸில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பல்ப் எரியாமலோ லேசாக மினுக்கியோ நின்றால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே சுற்றுகள் ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

திறந்த திருகு முனைகளை அப்படியே விடாமல் ஒரு பெட்டிக்குள் அடக்கி, வெளியே சாக்கெட் வைத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி ரேடியோக்களில் சேஸிஸே மெயினோடு சேர்ந்திருக்கும். அவற்றைத் தொடும் முன் வோல்டேஜை மாற்றாமல் மெயினிலிருந்து பிரித்துத் தரும் 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நடுவில் இருந்தே ஆக வேண்டும். டிம்மர்ஸ்டாட் அந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: எங்கள் ஊரில் மாலையில் வோல்டேஜ் 170 வரை இறங்குகிறது. ஸ்டெபிலைசருக்குப் பதில் பழைய டிம்மர்ஸ்டாட் ஒன்றை வைத்து ஃப்ரிட்ஜை ஓட்டலாமா?
– புதுக்கோட்டை வாசகர்

பதில்: வேண்டாம். 240-க்கு 270 தரும் சாதனம் 170-ஐ 191 வரைதான் தூக்கும். அதைவிட, நீங்கள் குமிழை உச்சத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். நள்ளிரவில் லைன் 240-க்குத் திரும்பினால் ஃப்ரிட்ஜுக்கு 270 போகும். ஆள் பக்கத்தில் உட்கார்ந்து திருகிக்கொண்டே இருந்தால்தான் இது ஸ்டெபிலைசர். குறைந்த வோல்டேஜுக்கென்று தானாக மாறும் ஸ்டெபிலைசர் வாங்குங்கள், உள்ளே வரும் அளவு 170-க்குக் கீழிருந்து தொடங்குகிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். தெரு முழுக்க இதே நிலை என்றால் மின்வாரியத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் வேரியாக் கொண்டுவந்தார். இங்கே போடலாமா?
– சென்னை வாசகர்

பதில்: வேரியாக் என்பதும் டிம்மர்ஸ்டாட் போன்றதுதான். நேரடியாகப் போடாதீர்கள். 120-க்குச் சுற்றிய வளையத்தில் 230 கொடுத்தால் இரும்பு தாங்கும் அளவுக்கு மேல் காந்தமேறி, மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறிச் சூடாகிவிடும். தகட்டில் 240 வோல்ட்டுக்குத் தனி முனை உண்டா, 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மேலே சொன்னபடி இணைக்கலாம், இல்லையென்றால் 230-ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும் கொடுங்கள். அப்போதும் தகட்டில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் 100 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள்.