பூஸ்டர் போட்டும் படம் உடைகிறதே?

கேள்வி: மொட்டைமாடி ஆன்டெனாவில் டிஜிட்டல் சேனல்கள் பார்க்கிறோம். நாலைந்து சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கின்றன. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் மாட்டிய பிறகு இன்னும் மோசம். ஏன்?

பதில்: முதலில் பூஸ்டரைக் கழற்றுங்கள். பாதிக் கோளாறு அதுவாகவே இருக்கும். ஒளிபரப்புக் கோபுரம் அருகில் இருந்தால், அளவுக்கு மீறிய சிக்னல் டிவிக்குள் அதை வாங்கும் ட்யூனரைத் திணறடிக்கும்.

நாலைந்து சேனல்கள் சேர்ந்தே உடைந்தால், அவை ஒரே அதிர்வெண்ணில் (ஃப்ரீக்வன்சியில்) சேர்ந்து வருபவையாக இருக்கலாம். டிவி மெனுவில் சிக்னல் வலிமை, தரம் இரண்டையும் பாருங்கள். வலிமை அதிகம், தரம் குறைவு என்றால் மிகைச் சிக்னல், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை, மொபைல் கோபுர இடையூறு ஆகியவற்றில் ஒன்று. மொபைல் தொல்லைக்கு, 4ஜி மொபைல் அலைகளைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டரை பூஸ்டருக்கு முன்னால் மாட்ட வேண்டும். பின்னால் மாட்டிப் பயனில்லை.

இரண்டுமே குறைவா? கேபிளைச் சோதியுங்கள். கனெக்டரில், கேபிளைச் சுற்றியுள்ள பின்னல் கம்பியின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், சிக்னல் போச்சு. செம்பு கறுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டேப் சுற்றி ஒப்பேற்றாமல் 75 ஓம் ஆர்ஜி-6 கேபிளாக மாற்றிவிடுங்கள். இரு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் 3.5 முதல் 4 டெசிபல் வரை விழுங்கும். அப்போதும் பூஸ்டர் தேவையென்றால் ஆன்டெனா கம்பத்திலேயே பொருத்துங்கள். டிவிக்குப் பின்னால் வைத்தால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

சிக்னல் சரியாகும்வரை டிவியில் சேனல் மறுதேடல் செய்யாதீர்கள். இருக்கிற சேனல்களும் பட்டியலிலிருந்து அழிந்துவிடக்கூடும்.