‘தி ரன்அவேஸ்’ படத்தில் வருவதெல்லாம் உண்மையா? 1970களில் பெண்கள் மட்டுமே வாசித்த ‘தி ரன்அவேஸ்’ என்ற அமெரிக்க ராக் பேண்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் படம் மட்டும் போதுமா?

போதாது. படத்தில் வருவதில் பெரும்பகுதி நடந்ததுதான். ஆனால் ஐந்து பெண்கள் இருந்த பேண்டில் இரண்டு பேரின் கதையைத்தான் படம் சொல்கிறது. பாடகி செரி கரி எழுதிய ‘நியான் ஏஞ்சல்’ என்ற நினைவுக்குறிப்பை வைத்து ஃப்ளோரியா சிஜிஸ்மாண்டி 2010இல் எடுத்த படம் இது. கிட்டாரிஸ்ட் ஜோன் ஜெட் நிர்வாகத் தயாரிப்பாளர். அதனால் கேமரா இந்த இருவரை விட்டு அதிகம் நகர்வதே இல்லை.

பேஸ் கிட்டார் வாசிக்கும் ‘ராபின்’ என்ற பெண்ணைக் கவனித்தீர்களா? அப்படி ஒருவர் பேண்டில் இருந்ததே கிடையாது. உண்மையில் வாசித்தவர் ஜாக்கி ஃபாக்ஸ். தன் கதையைப் பயன்படுத்த அவர் சம்மதம் தரவில்லை, அதனால் கற்பனைப் பாத்திரம் ஒன்றை வைத்தார்கள். அமெரிக்காவில் பிரபலமானவர்களைப் பற்றிப் படமெடுக்க அவர்களின் அனுமதி சட்டப்படி எப்போதும் கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவதூறு வழக்கு வந்தால் யார் பணம் கட்டுவது என்ற கேள்வி இருக்கிறதே! காப்பீட்டு நிறுவனமும் விநியோகஸ்தரும் கையெழுத்தான ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள். அது கிடைக்காவிட்டால் பெயரை மாற்றுவது, வசனத்தைக் குறைப்பது, இரண்டு பேரை ஒருவராக்குவது என்று போய்விடும். லீட் கிட்டாரிஸ்ட் லீட்டா ஃபோர்டு படத்தில் ஓரமாகவே நிற்கிறார். பின்னாளில் ராக் உலகில் தனியாகப் பெயர் வாங்கிய ஒருவருக்கு அது ரொம்பக் குறைவு.

சரியாக வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 1975இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜோன் ஜெட்டும் டிரம்மர் சாண்டி வெஸ்டும் சேர்ந்து பேண்டைத் தொடங்கியபோது இருவருக்கும் வயது 16. செரி வந்து சேர்ந்தபோது 15. படப்பிடிப்பின்போது செரியாக நடித்த டகோட்டா ஃபேனிங்குக்கும் அதே 15தான், அந்தப் பிஞ்சு முகத்தை ஒப்பனையால் கொண்டுவந்திருக்க முடியாது. படத்தின் முதல் காட்சியே தார் ரோட்டில் விழும் ஒரு சொட்டு ரத்தம், செரியின் மாதவிடாய் ரத்தம். மேடையில் உள்ளாடையோடு நிறுத்தி விற்கப்பட்டவர்கள் எவ்வளவு சின்னப் பிள்ளைகள் என்பதை அந்த ஒரு ஷாட் சொல்லிவிடுகிறது.

‘செரி பாம்’ பாட்டு பிறக்கும் காட்சிக்கும் ஆதாரம் உண்டு. பேண்டில் சேர்வதற்கான பாட்டுத் தேர்வுக்கு செரி தயார் செய்து வந்த ‘ஃபீவர்’ பாட்டு எடுபடவில்லை. உடனே மேனேஜர் கிம் ஃபௌலியும் ஜோனும் அங்கேயே உட்கார்ந்து செரியின் பெயரை வைத்தே ஒரு பாட்டு கட்டினார்கள்.

ஃபௌலி விஷயத்தில்தான் படம் மிகவும் சறுக்குகிறது. மைக்கேல் ஷானன் நடிப்பில் அவர் விசித்திரமான, ரசிக்கத்தக்க ஆளாகத் தெரிகிறார். ஃபௌலி இறந்த பிறகு, 2015இல், தனக்கு 16 வயதில் அவர் தன்னை வன்புணர்ந்ததாக ஜாக்கி ஃபாக்ஸ் பகிரங்கமாகச் சொன்னார். அது தெரிந்த பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தால், ஃபௌலியின் வசனங்களுக்குச் சிரிப்பு வராது.

காலக்கணக்கிலும் ஒரு தாவல் இருக்கிறது. 1977 ஜப்பான் பயணத்துக்குப் பிறகு செரி விலகியதும் பேண்டே முடிந்துபோன மாதிரி படம் காட்டுகிறது. ஆனால் ஜோன் முன்பாடகியாகி மேலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன, கலைந்தது 1979இல்தான்.

பாட்டு விஷயம் தனி. படத்தில் ஃபேனிங்கும் ஜோனாக நடித்த கிறிஸ்டன் ஸ்டீவர்ட்டும் சொந்தக் குரலில் பாடுகிறார்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை உண்டு: இயற்றியவருடையது ஒன்று, ஒலிப்பதிவுக்குரியது இன்னொன்று. நடிகர்களே புதிதாகப் பாடினால் முதலாவதை வாங்கினால் போதும். அதனால் படத்தில் கேட்ட குரலை வைத்து பேண்டை எடைபோட வேண்டாம். 1977இல் வந்த ‘லைவ் இன் ஜப்பான்’ ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். சாண்டியின் டிரம்ஸ் எவ்வளவு கனமாக இறங்குகிறது, லீட்டாவின் கிட்டார் எப்படி அதன் மேல் ஏறுகிறது என்பது அதில்தான் புரியும்.

அதன் பிறகு இந்த பேண்டைப் பற்றிய ‘எட்ஜ்ப்ளே’ ஆவணப்படம் பாருங்கள். எடுத்தவர் ஜாக்கிக்குப் பிறகு பேஸ் வாசித்த விக்கி ப்ளூ. ஜோன் ஜெட் ஒத்துழைக்கவில்லை, ஆகவே பேண்டின் புகழ்பெற்ற சொந்தப் பாட்டுகள் அதில் இல்லை. திரைப்படத்தில் பாட்டு உண்டு, ஜாக்கி இல்லை. இதில் ஜாக்கி உண்டு, பாட்டு இல்லை. சாண்டி மனம் விட்டுப் பேசுவதும் இதில்தான். 2006இல் நுரையீரல் புற்றுநோயில் அவர் இறந்துவிட்டார், திரைப்படம் வருவதற்கு நான்கு வருடம் முன்பு.